மாமாவின் காருக்குச் சிவப்புக் கூரை

எனக்குப் பத்து வயதான அந்தக் கோடையில் உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பயம். ஒருத்திக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ரீச்சர், இன்னொருத்திக்கு நடன வகுப்பு, கிராமர் ஸ்கூல் சோதனை எழுத இருந்தவர்களுக்குத் தங்கள் சொந்த அப்பா அம்மா. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தெருவில் வளர்ந்த நீங்கள் கூடும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பீர்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். என் பயத்தை மட்டும் இதுவரை சொன்னதில்லை. அது ஞாயிற்றுக்கிழமைகளில், ஈர மண்ணும் கருகிய எண்ணெயும் கலந்த மணத்தோடு வந்தது. தலைமுடிக்குச் சாயம் பூசுகிற வயதாகிவிட்டது. ஆனாலும் மழை விட்ட பிறகு யாராவது ஒரு காரை உறுமவிட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன். இந்தக் கிழமை அம்மாவோடு ஓர் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது அந்தக் கோடை முழுவதும் திரும்பி வந்தது. அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுச் சின்ன அறையில் மாமா இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அம்மாவின் தம்பி. ஜேர்மனியில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர். ஐஸ்கிறீம் வான் வந்தால் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாங்கித் தருவாரே, அவர்தான். அம்மாவுக்கு மூன்று சகோதரர்கள். மூத்த இருவரையும் நாட்டிலேயே பறிகொடுத்துவிட்டு, மிச்சமிருந்த இந்த ஒருவரை அவர் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். மாமா குளிக்கப் போய்க் கொஞ்சம் நேரமானாலும் அம்மா கதவைத் தட்டுவார். அப்படிப்பட்ட தம்பிதான் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, தான் ஸ்டொக் கார்ப் பந்தயம் ஓட்டப் போவதாகச் சொன்னார்.

அவர் வேலை செய்த கராஜின் முதலாளி ஒரு வெள்ளைக்காரக் கிழவர். இளம் வயதில் ஸ்டொக் கார் ஓட்டியவர். மாமா ஊரில் மாரி மழைக்குள் வன்னி றோட்டில் லொறி ஓடியவர் என்று கேள்விப்பட்டதும், மூலையில் கிடந்த தன் பழைய காரைக் காட்டி, சேற்றில் ஓடத் தெரிந்தவன் இதிலும் ஓடலாம் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கார் என்று சொல்வதே பெரிய விஷயம். இரும்புக் குழாய்களால் செய்த ஒரு கூடு, உள்ளே ஒரே ஒரு இருக்கை, கண்ணாடியே இல்லை, முன்னும் பின்னும் தடித்த இரும்புப் பம்பர். மண்ணும் கல்லுத்தூளும் கொட்டிய முட்டை வடிவத் தடத்தில் இருபது முப்பது கார்கள் சுற்றிச் சுற்றி ஓடும். வழியில் நிற்பவனை இடித்துத் தள்ளிவிட்டுப் போகலாம். அதுவும் விதியில் உண்டு.

அப்பா கேட்டார்: "நாட்டை விட்டு ஓடி வந்தது இஞ்ச காருக்குள்ள இடிபடவோ?"

"பெல்ட் இருக்கு அத்தான். ஹெல்மெட் இருக்கு. வன்னியில ஒண்டும் இருக்கேல்லை," என்றார் மாமா.

அம்மா அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு கராஜுக்குப் போனார். காரைச் சுற்றி வந்தார். கூரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, உச்சியில வெள்ளை அடிச்சு வைச்சிருக்கிறாய்?"

"புதுசா ஓட வாற எல்லாருக்கும் வெள்ளைதான் அக்கா. நல்லா ஓடினா மஞ்சள் தருவினம். பிறகு நீலம். எல்லாத்துக்கும் மேல சிவப்பு."

"எங்கட வீட்டில கடைசியாத் தலைக்கு மேல வெள்ளை கட்டினது பெரியண்ணைக்கு," என்றார் அம்மா. செத்த வீட்டில் கூரைக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டுகிற வழக்கத்தைச் சொன்னார். எனக்கு அது பிறகுதான் விளங்கியது. அந்த நேரம் அவர் முகம் போன போக்கைப் பார்த்தே நான் பயந்துவிட்டேன். "ஓடுறதெண்டால் ஓடு. நான் சொன்னாலும் நீ கேக்கப் போறேல்லை. ஆனா இந்த வெள்ளைக்குக் கீழ கனநாள் இருக்காதை. கெதியாச் சிவப்பை எடு."

அந்த வெள்ளிக்கிழமையே வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்தார். தம்பியின் காருக்குச் சிவப்புக் கூரை கிடைத்தால் அம்மனுக்குச் சிவப்புப் பட்டு சாத்துவதாக.

லண்டனை விட்டு வடக்கே போகும் வழியில், வயல்களுக்கு நடுவே இருந்தது அந்த மண் தடம். அம்மா வரமாட்டார். பார்த்தால் நெஞ்சு நின்றுவிடும் என்பார். அப்பா எங்களைக் கொண்டுபோவார், ஆனால் உள்ளே வரமாட்டார். காரின் மூக்கு வெளிவாசலைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டுத் தமிழ்ப் பேப்பரை விரித்துக்கொண்டு இருப்பார். அவருக்கு இதெல்லாம் வெறுப்பு என்றுதான் அப்போது நினைத்தேன். அம்புலன்ஸ் போனால் உடனே பின்னால் போகத்தான் அப்படி நிறுத்தினார் என்று இப்போது தெரிகிறது.

ஆகவே உள்ளே போனது நானும் முதலாளிக் கிழவரின் மனைவியும். அவர் எனக்கு ஒரு காது மூடி தந்திருந்தார். மஞ்சள் நிறம், பெரியவர்களுக்கானது, அடிக்கடி கழுத்துக்கு வழுக்கிவிடும். வீடு மாறும்போது எங்கோ தொலைந்துபோனது, இன்றைக்கும் அதற்காகக் கவலைப்படுகிறேன். காதை மூடினாலும் சத்தம் விடாது. நாங்கள் இருந்த பலகை வழியாக ஏறித் தொடை, முதுகு, பல் என்று எல்லா இடத்துக்கும் வரும். கார்கள் வளைவில் திரும்பும்போது மண் வாரி எங்கள் மேல் அடிக்கும். வாய்க்குள் மண்ணைக் கடித்துக்கொண்டு அந்த ஒரு கூரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணை எடுத்தால் ஏதாவது நடந்துவிடும் என்று எப்படியோ எனக்குள் ஒரு எண்ணம்.

எனக்கு ஒரு வேலையும் இருந்தது. ஓட்டங்கள் முடிந்ததும் வாசலில் இருந்த ரெலிபோன் பெட்டிக்குள் போய் வீட்டுக்கு எடுக்க வேண்டும். மணி ஒரு தரம் அடிக்கும் முன்பே அம்மா தூக்கிவிடுவார்.

"அம்மா, முடிஞ்சுது. மாமா ரீ குடிக்கிறார்."

அவ்வளவுதான் செய்தி. வென்றாரா தோற்றாரா என்று அம்மா கேட்டதே இல்லை. தேநீர் குடிக்கிற மனிதனுக்குக் கையும் வாயும் கழுத்தும் ஒழுங்காக இருக்கிறது என்பது அவருடைய கணக்கு.

மாமா உண்மையிலேயே கெட்டிக்காரராக இருந்தார். மற்றவர்கள் வழுக்கும் இடத்தில் அவர் வழுக்கலோடு சேர்ந்து போவார். கூரை மஞ்சளானது. அம்மா எலுமிச்சம்பழம் கொண்டுபோய் நாலு சில்லுக்கும் கீழே வைத்து, காரை ஏற்றி நசுக்கச் சொன்னார். புதுக்கார் வாங்கினால் எங்கள் ஆட்கள் செய்வதுதானே. டயரில் காற்றுச் சரியா என்று பார்க்கிறார் போலும் என்று கிழவர் முதலில் நினைத்தாராம். நீலமானபோது அவரே எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருந்தார்.

நீலக் கூரை கிடைத்த பிறகுதான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. ஓட்டம் தொடங்க வரிசையாகக் கார்களை விடும்போது மாமா முன்னைப்போல முன்வரிசையில் இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் பின்னுக்குப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தார். கராஜில் வைத்துக் கேட்டேன்.

"மாமா, சிவப்பெண்டால் இன்னும் பின்னுக்கோ?"

"ஓம் பிள்ளை. கடைசியில. கெட்டிக்காரன் எல்லாரையும் தாண்டி முன்னுக்கு வரோணும். அதுதான் விளையாட்டு."

"அவ்வளவு காரையும் இடிச்சுக்கொண்டோ?"

"இடிக்கத்தானே பம்பர்." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்தார். "பயப்பிடாதை. பின்னுக்கு நிண்டால் எல்லாரும் என்ரை கண்ணுக்கு முன்னால. முன்னுக்கு நிக்கிறவனுக்குத்தான் பின்னால வாறது தெரியாது. அக்காவுக்கு இதொண்டும் சொல்லாதை. சிவப்பு, சிவப்பெண்டு சந்தோசமா இருக்கிறா. அவ கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டும்."

நான் சொல்லாமல் இருக்கிற பிள்ளையா? வீட்டுக்குப் போனதும் சப்பாத்தைக் கழற்ற முதலே சொன்னேன். அம்மா பொரிப்பதற்கு ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உனக்கு விளங்கேல்லை. வகுப்பில முதலாம் பிள்ளையை ஆரும் கடைசி வாங்கில இருத்துவினமோ?"

 எங்கள் எல்லோருடைய அம்மாமாரும் அப்படித்தானே. நல்ல மார்க் எடுத்தால் முன்னுக்கு விடுவார்கள், முன்னுக்குப் போனால் ஒருவரும் தொடமாட்டார்கள். அந்த நம்பிக்கையில்தான் எங்களை வகுப்பு வகுப்பாக ஏற்றி இறக்கினார்கள். அம்மா தன் தம்பிக்கும் அதையே கேட்டார். மாமாவும் அக்கா கேட்டதற்காக இன்னும் வேகமாக ஓடினார். வெள்ளையோடு சும்மா ஓடித் திரிந்திருக்கக்கூடிய மனிதரை எங்கள் வீட்டு நேர்த்திதான் பின்வரிசைக்கு அனுப்பியது. பத்து வயதில் எனக்கு அது தெரிந்தது. வீட்டில் வேறு ஒருவருக்கும் தெரியவில்லை. இரவில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, சிவப்பு வேண்டாம் என்று நான் அம்மனுக்கு எதிர் விண்ணப்பம் போட்டேன். அம்மன் பெரியவர்கள் பேச்சைத்தான் கேட்டார்.

கோடை முடியும் தறுவாயில் கூரை சிவப்பானது. அம்மன் பட்டு உடுத்தினார். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல்தடவையாக அம்மாவும் வந்தார். நல்ல சேலை, அதற்கு மேல் குளிர்க் கோட்டு, கையில் ஒரு சட்டி ரோல்ஸ். சிவப்புக் கூரையில் கோயில் குங்குமத்தை ஒரு சொட்டு வைத்தார். சிவப்பில் சிவப்புத் தெரியவில்லை, ஆனாலும் வைத்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் பலகையில் அமர்ந்து, கலியாண வீட்டில் இருப்பதுபோல் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். நான் காது மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தடத்தைப் பார்த்தேன்.

கார்கள் வரிசைக்கு வந்தன. வெள்ளைக் கூரைகள் முன்னே, பிறகு மஞ்சள், பிறகு நீலம். கொஞ்ச இடம் விட்டுக் கடைசியில் சிவப்புகள். அவற்றிலும் கடைசி மாமா.

அம்மாவின் சிரிப்பு நின்றது. "ஏன் தம்பியைக் கடைசியில விட்டிருக்கிறாங்கள்?"

"நான் சொன்னனான்தானே அம்மா."

அவர் அதைக் கேட்கவில்லை. அந்தக் கூட்டம் முழுவதையும் ஒருமுறை பார்த்தார். எங்களைத் தவிர எல்லோரும் வெள்ளையர். "கறுப்பன் எண்டுதானே," என்று எழுந்துவிட்டார். நான் அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடினேன். வேலியோரம் செம்மஞ்சள் கோட்டுப் போட்ட ஓர் அதிகாரி நின்றார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து பழகிய தன் ஆங்கிலத்தில் அம்மா அவரிடம் நேரே கேட்டார்: என் தம்பி சிவப்பு, ஏன் கடைசியில் விட்டீர்கள், இது நியாயமா?

அந்த மனிதர் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. குனிந்து, சத்தத்துக்கு மேலாக, ஒவ்வொரு சொல்லாக விளங்கப்படுத்தினார். சிவப்புக் கூரைக்காரர்தான் மிகச் சிறந்தவர்கள், அதனால்தான் கடைசியில் தொடங்குகிறார்கள், எல்லோரையும் தாண்டிவர வேண்டியது அவர்கள்தான், மோதல் கூடுதலாக வருவதும் அவர்களுக்குத்தான். உங்கள் தம்பிக்கு இது பெரிய மரியாதை என்று சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "நான் கேட்டு வாங்கினது பிள்ளை," என்றார்.

பச்சைக் கொடி அசைந்தது.

நாங்கள் வேலியோரத்திலேயே நின்றுவிட்டோம். முதல் இரண்டு சுற்றில் மாமா நீலங்களைத் தாண்டினார். மஞ்சள்களுக்குள் புகுந்தார். அடுத்த வளைவில் ஒரு மஞ்சள் கார் வழுக்கிக் குறுக்கே நின்றது. மாமாவின் முன்சில்லு அதன் மேல் ஏறியது. கார் மெதுவாக, பாய் உருட்டுவதுபோல உருண்டது. மெதுவாக என்பது என் ஞாபகம்தான், உண்மையில் ஒரு கணம்தான் இருக்கும். பிறகு அந்தச் சிவப்புக் கூரை சேற்றுக்குள் இருந்தது, நாலு சில்லும் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. ஓட்டத்தை நிறுத்தக் காட்டிய கொடியும் சிவப்பு. இஞ்சின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அத்தனை சத்தத்துக்கும் பழகிய எனக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. அம்மாவின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது.

எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே காரில் பேப்பர் வாசித்தவர் அவ்வளவு கெதியாக எப்படி வந்தார்? ஒவ்வொரு கிழமையும் வாசலோரம் நின்றுதான் பார்த்திருக்க வேண்டும்.

மாமா பெல்ட்டைக் கழற்றித் தலைகீழாக விழுந்து, தவழ்ந்து வெளியே வந்தார். எழுந்து கையை உயர்த்தினார். கூட்டம் கைதட்டியது. அம்மா தட்டவில்லை. மாமா தேநீர்க் கோப்பையோடு, முகமெல்லாம் மண்ணோடு ரோல்ஸ் தின்ன வந்தபோது அம்மா அவர் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, இனி வெள்ளைக்குப் போ."

"அக்கா, வெள்ளைக்குப் போறதெண்டால் தோற்கோணும்."

"தோற்றுப் போ. எனக்கு நீ ஒருத்தன்தான் மிச்சம். முன்னுக்கு நில்."

மாமா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சரி அக்கா," என்றார்.

அடுத்த வருடம் அவர் தோற்றார். எனக்குத் தெரிந்து அதைவிடக் கஷ்டமான வேலை அவர் செய்ததில்லை. தாண்ட இடம் கிடைத்தாலும் தாண்டாமல், வளைவில் தேவையில்லாமல் பிறேக்கை மிதித்து, கடைசியாக வந்து சேர்வார். கூட்டம் கேலி செய்தது. ஒருமுறை உருண்டதோடு துணிவு போய்விட்டது என்று கிழவர் என் முன்னாலேயே சொன்னார். மாமா மறுக்கவில்லை. கூரை நீலமாகி, மஞ்சளாகி, மறுபடி வெள்ளையானது. இறங்கும் நிறங்களுக்கும் அம்மா எலுமிச்சம்பழம் வைத்தார். எனக்கோ அந்தச் சில மாதங்கள் பயமே இல்லை. காது மூடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஐஸ்கிறீம்கூடத் தின்றேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றும் மாமா முதல் வரிசையில், வெள்ளைக் கூரையோடு நின்றார். பழக்க தோஷத்தில் நான் பின்னால் வந்த சிவப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் முழுவதையும் பார்த்தேன். ஒரு சிவப்புக் கூரை வெளிப்பக்கமாக வேகமெடுத்து வந்தது. மாமா வளைவுக்கு முன்னால் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தார். அவ்வளவுதான். பின்பம்பரில் ஓர் இடி, முன்னால் வேலி. பெரிய சத்தமே இல்லை. கார் உருளவும் இல்லை. அருகில் இருந்தவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

மாமா கையை உயர்த்தவில்லை.

அம்புலன்ஸ் உள்ளே வந்தது. அப்பா என்னை ரெலிபோன் பெட்டிக்குள் விட்டுவிட்டுக் காரை எடுக்க ஓடினார். அம்மா உடனே தூக்கினார். பின்னால் றேடியோ பாடிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கூரைக் காலத்தில் அவர் அவ்வளவு நிம்மதியாக இருந்தார்.

"முடிஞ்சுதே பிள்ளை?"

"அம்மா," என்றேன். "மாமா இன்னும் ரீ குடிக்கேல்லை."

உயிர் தப்பியது. கழுத்து எலும்பில் அடி. மாதக்கணக்காகக் கழுத்துப் பட்டியோடு கிடந்தார். அதற்குப் பிறகு அவர் ஓடவில்லை. கராஜில் குனிந்து வேலை செய்யவும் ஏலாமல் போய், மினிகாப் வாடகைக் கார்க் கந்தோரில் போனுக்குப் பதில் சொல்கிற வேலைக்குப் போனார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அம்மா சொன்னார்: "வெள்ளையில நிண்டபடியால் தப்பினாய். சிவப்பில நிண்டிருந்தால் இண்டைக்கு என்ன நடந்திருக்கும்?" மாமாவால் தலையைத் திருப்ப ஏலாது. கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்துக்கொண்டு, "ஓம் அக்கா," என்றார்.

இப்போது அந்தக் கழுத்துத்தான் திரும்ப வந்திருக்கிறது. மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. விரல்கள் விறைக்கின்றன, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பழைய இடத்தில் எலும்பு நரம்பை அழுத்துகிறதாம். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றார்கள். வெட்டினால் என்னென்ன நடக்கலாம் என்பதையும் டொக்டர் சொன்னார். அதை அம்மாவுக்கு நான் முழுவதும் மொழிபெயர்க்கவில்லை.

காலையில் மாமாவைத் தள்ளுகட்டிலில் வைத்துக் கொண்டுபோனார்கள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவுவரை கூடவே நடந்தார். கதவடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். நடை முழுக்க வெள்ளைக் கூரை.

"பிள்ளை, இண்டைக்கு எத்தினையாவது ஆளா எடுக்கினம்?"

"முதல் ஆள் அம்மா."

"முன்னுக்கு."

மாமா கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்தார், அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. பத்து வயதில் நான் வாயை மூடவில்லை, அக்காவுக்குச் சொல்லாதை என்று அவர் கேட்டுக்கொண்டும் மூடவில்லை.

"ஓம் அம்மா," என்றேன். "முன்னுக்குத்தான்."

கதவு மூடியது. அம்மா வந்து அமர்ந்து, பையிலிருந்து ரோல்ஸ் எடுத்து, அன்றைக்கு முதல்முறையாக ஏதோ கொஞ்சம் சாப்பிட்டார். மாமா ரீ கேட்டால் உடனே சொல்லச் சொல்லி நேர்சிடமும் சொல்லிவைத்தார். நான் திரும்பி உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.